கல்லூரியோடு சேர்ந்து வேலை செய்வது: கொங்கு நாட்டுத் தொழில்முனைவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை கணபதிப் பகுதியில் பம்ப் உதிரிபாகங்களுக்கான சிறிய ஃபவுண்டரி (வார்ப்பாலை) ஒன்றை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறேன். உற்பத்தியாளர் சங்கக் கூட்டங்களில் கல்லூரிகளோடு சேர்ந்து வேலை செய்வது பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் எழுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். பணத்தைவிட நம் ஆள் ஒருவருடைய நேரத்தையும் நம் பட்டறையின் உண்மையான கணக்கையும் கொடுப்பதுதான் இந்த உறவில் நாம் போடும் பெரிய முதல் என்பது என் அனுபவம். கீழே உள்ள பதில்கள் பலவும் அந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

கேள்வி: எங்களிடம் நாற்பது பேர்தான் வேலை செய்கிறார்கள். ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ எங்களைப் பொருட்படுத்துமா?

பொருட்படுத்தும். பேராசிரியர்களுக்கும் நம்மைப் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள். முதுநிலை மாணவருக்கு ஆய்வுக்குரிய பிரச்சினை வேண்டும். மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் ஆலோசனைப் பணி வருமானமும் வெளியார் நிதியில் நடக்கும் ஆய்வுகளும் மதிப்பெண்ணாகக் கணக்கிடப்படுகின்றன. பாடத்தின் பகுதியாக மாணவர்களைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்ப வேண்டிய கட்டாயமும் கல்லூரிக்கு உண்டு. ஆகவே நாம் உதவி கேட்டுப் போகிறோம் என்று கூச வேண்டியதில்லை.

தொழிலும் கல்வியும் ஒரே முற்றத்தில் வளர்ந்தது நம் ஊரின் பழைய வழக்கம். பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டு, ஐந்தாவது பங்கை அறத்துக்கென ஒதுக்கினார்கள். அந்த அறக்கட்டளையிலிருந்து முதலில் தொழிற்பயிற்சிக் கூடமும், பின்னர் 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் எழுந்தன. ஜி.டி.நாயுடுவின் கொடையோடு 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியல் படிப்பை நான்காண்டு இழுப்பது வீண், இரண்டாண்டே போதும் என்று வாதிட்ட நாயுடு, அது ஏற்கப்படாததால் அக்கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகினார் என்பார்கள். படிப்பின் கால அளவு பற்றி அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் மாணவனின் கை இயந்திரத்தில் பட வேண்டும் என்ற அவருடைய அவசரம் இன்றைக்கும் நியாயமானதுதான்.

கேள்வி: எங்கே போய்க் கேட்பது? எல்லாக் கல்லூரியும் ஒன்றுபோலத்தானே தெரிகிறது?

ஒன்றுபோல இல்லை. பிரச்சினையைப் பொறுத்து இடம் மாறும். நூற்பாலை, விசைத்தறி, மருத்துவத் துணி தொடர்பானவை என்றால் அவிநாசி சாலையில் உள்ள சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தை முதலில் அணுகலாம். 1956-இல் தொடங்கிய இந்தக் கழகம், ஆலைகளை உறுப்பினராகக் கொண்டு ஆய்வு நடத்தும் முறைக்கு நம் கண்ணெதிரே உள்ள நல்ல எடுத்துக்காட்டு. தனித்தனியாக எந்த மில்லும் வைத்துக்கொள்ள முடியாத சோதனைக்கூடத்தை எல்லா மில்களும் சேர்ந்து வைத்துக்கொண்டன. பம்ப், மோட்டார் சோதனைக்கு, இத்தொழில் செய்பவர்கள் முனைந்து உருவாக்கிய சிட்டார்க் என்ற சோதனை, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மோட்டாரும் பம்பும் ஒன்றாக அமைந்த மோனோசெட் பம்புக்கான ஐ.எஸ். 9079, நீர்மூழ்கி பம்புக்கான ஐ.எஸ். 8034 ஆகிய தரநிலைகளின்படி சோதனை வேண்டுபவர்கள் அங்கே போகலாம்.

கைத்தறி, சாயம், நெசவு வடிவமைப்பு என்றால் சேலத்தில் 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சென்னிமலைப் போர்வைக்காரர்களும் பவானி ஜமக்காளக்காரர்களும் அதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. பின்னலாடைக்குத் திருப்பூரில் நிஃப்ட்-டீ கல்லூரியும், கோழி, தீவனம், பால் தொடர்பானவற்றுக்கு நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. மஞ்சள், தென்னை, பருத்தி, உணவுப் பதப்படுத்தல் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகம். இயந்திரம், மின்னணு, தானியக்கம் தொடர்பானவற்றுக்குக் கோவைக் கல்லூரிகளோடு பெருந்துறையின் கொங்கு பொறியியல் கல்லூரியும் சத்தியமங்கலத்தின் பண்ணாரி அம்மன் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. ஈரோட்டுக்காரர் ஒருவர் இதற்காகக் கோவை வரை வர வேண்டியதில்லை.

கல்லூரியில் முதல்வர் அறைக்குப் போவதைவிட, துறையின் ஆய்வகத்தை நடத்துகிற பேராசிரியரைத் தேடிப் போவது நல்லது. அவருடைய மாணவர்கள் கடந்த இரண்டு ஆண்டுகளில் செய்த திட்டப்பணிகளின் தலைப்புகளைக் கேட்டுப் பார்த்தால், நம் பிரச்சினை அவருக்கு ஒத்துவருமா என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: எப்படிப்பட்ட பிரச்சினையைக் கொண்டுபோக வேண்டும்?

சிறியதை, அளக்கக் கூடியதை, நம் பட்டறையில் இப்போது வலிக்கிறதைக் கொண்டுபோக வேண்டும். "ஏதாவது புதிதாகச் செய்து கொடுங்கள்" என்று கேட்டால் பேராசிரியரால் எதுவும் செய்ய முடியாது. "எங்கள் வால்யூட் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) வார்ப்பில் மூன்று மாதமாக மணல் சார்ந்த ரிஜெக்ட் (கழிவாகும் வார்ப்பு) கூடிவருகிறது, வாரவாரியான கணக்கு இதோ" என்று கேட்டால் அவர் அன்றே எழுந்து மணலைப் பார்க்க வருவார்.

இது என் பட்டறையில் நடந்தது. கோடைக்கு முன்பு பம்ப் ஆர்டர் குவியும் மாதங்களில் எங்களுக்கு ரிஜெக்ட் ஏறிவிடும். மணல் அச்சு செய்யும் மோல்டரின் கவனக்குறைவு என்றே பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் கடிந்தும் பேசியிருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் இருவரைக் கேட்டு வாங்கி, ஒரு தெர்மாமீட்டரும் ஈரப்பதம் அளக்கும் கருவியும் கொடுத்து, கலவை இயந்திரத்திலிருந்து வரும் மணலை மணிக்கொருமுறை அளந்து எழுதச் சொன்னோம். ஆறு வாரத்தில் விஷயம் தெளிவானது. ஆர்டர் கூடும்போது மணல் சுழற்சி வேகமாகிறது. கொட்டி உடைத்த மணல் ஆறுவதற்குள் மீண்டும் மோல்டுக்கு வருகிறது. சூடான மணலில் சேர்த்த தண்ணீர் மோல்டு மூடுவதற்குள் ஆவியாகி, விளிம்புகள் காய்ந்து உதிர்கின்றன. எங்கள் மூத்த மோல்டர் ஒருவர் இதை முன்பே கையால் உணர்ந்து "மணல் ஆறலைங்க, சூட்டோட வருது" என்று பலமுறை சொல்லியிருந்தார். அவர் சொன்னதை எண்ணாக மாற்றித் தர அந்த இரண்டு மாணவர்கள் தேவைப்பட்டார்கள். கூடுதலாகக் கொஞ்சம் மணலைச் சுழற்சியில் சேர்த்ததும், ஆற வைக்கும் இடத்தை மாற்றியதும்தான் தீர்வு. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை.

இதுபோன்ற பிரச்சினைகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வீசத் தொடங்கியதும் பருவம் மாறும் மில்லில், ஈரப்பதம் எந்த இடத்தில் நழுவுகிறது, நூல் அறுதல் எந்த ஃப்ரேமில் கூடுகிறது என்ற கேள்வி. பல்லடத்துத் தறிக்கூடத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை மீட்டர் துணி என்ற மின்கணக்கு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுபவருக்கு வெல்டிங் இணைப்பு எங்கே விரிகிறது என்ற ஆராய்ச்சி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரருக்கு கம்ப்ரசர் டீசல் கணக்கு. இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு மாணவரின் ஓராண்டு வேலைக்குப் போதுமான அளவு ஆழமும், ஒரு முதலாளியின் கவலைக்குப் போதுமான அளவு பயனும் உடையது.

கொண்டுபோவதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, இதுவரை என்ன செய்து பார்த்தோம், என்ன கிடைத்தால் போதும் என்பவை அதில் இருக்க வேண்டும். இந்த ஒரு பக்கத்தை எழுதும்போதே, நமக்கு நம் பட்டறையைப் பற்றி எவ்வளவு தெரியவில்லை என்பது புரிந்துவிடும்.

கேள்வி: மாணவர் திட்டப்பணி, ஆலோசனைப் பணி, கூட்டு ஆராய்ச்சி என்கிறார்களே, என்ன வேறுபாடு?

மாணவர் திட்டப்பணியில் செலவு குறைவு, காலம் நான்கிலிருந்து எட்டு மாதம், முடிவுக்கு உத்தரவாதம் கிடையாது. அளத்தல், கணக்கெடுத்தல், ஒப்பிட்டுப் பார்த்தல், சிறு ஜிக் (பொருளைப் பிடித்து வைக்கும் துணைக்கருவி) அல்லது சென்சார் பலகை செய்தல் போன்றவற்றுக்கு இது பொருந்தும். ஆலோசனைப் பணியில் பேராசிரியரே பொறுப்பேற்று, கட்டணம் வாங்கி, குறித்த நாளில் அறிக்கை தருவார். அவசரமும் தெளிவும் உள்ள வேலைக்கு இதுவே சரி. கூட்டு ஆராய்ச்சி இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். புதுப் பொருளோ புது முறையோ உருவாக வேண்டுமென்றால் அங்கே போகலாம், ஆனால் முதல் இரண்டையும் அதே பேராசிரியரோடு செய்து பார்த்த பிறகு போவது நல்லது. பெண் பார்க்காமலே முகூர்த்தம் குறிப்பதுபோல் எடுத்த எடுப்பில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எதுவுமே நடக்கவில்லையே, ஏன்?

எனக்கும் இது நேர்ந்தது. பெயர் வேண்டாம், ஒரு கல்லூரியோடு விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். அதன்பின் கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை, நானும் போகவில்லை. இரண்டாம் ஆண்டில் அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு அப்படியொரு தாள் இருப்பதே தெரியாது. அந்த ஆண்டுகளில் அக்கல்லூரியில் படித்த நல்ல மாணவர்கள் யாரையும் நான் சந்திக்கவில்லை என்பதில் இன்றும் எனக்கு வருத்தம் இருக்கிறது.

பின்னர் வேறொரு துறையோடு சேர்ந்தபோது ஒப்பந்தத்தையே எழுதவில்லை. எங்கள் சூப்பர்வைசர் ஒருவரை இதற்கென்று பெயர் குறித்து ஒதுக்கினேன். வாரத்தில் ஒரு பிற்பகல், புதன்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, அவர் மாணவர்களோடு மட்டும் இருப்பார். அந்த நேரத்தில் அவரை வேறு வேலைக்கு அழைக்கக்கூடாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. டெஸ்பாட்ச் நெருக்கடி இருக்கும் நாளில் அதைக் காப்பாற்றுவது எளிதில்லை. ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் விட்டுப்போகாத வரையில் வேலை நடந்தது. இரண்டு வாரம் தொடர்ந்து விட்டுப்போனபோது மாணவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒப்பந்தம் வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். அதில் இரு பக்கத்திலும் பொறுப்பாளரின் பெயரும், முதல் வேலை இன்னதென்பதும், அது முடிய வேண்டிய தேதியும் எழுதப்பட்டிருக்கட்டும்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? அரசு உதவி ஏதாவது உண்டா?

மாணவர் திட்டப்பணி என்றால் பொருள் செலவு, பேருந்துக் கட்டணம், மதிய உணவு, முடிந்தால் ஊக்கத்தொகை. மற்றவற்றுக்குச் சில திட்டங்கள் உள்ளன. தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் நடத்தும் புத்தாக்கப் பற்றுச்சீட்டுத் திட்டத்தில், தொடக்க நிலைக்கு ரூ.2 லட்சம் வரையும், மாதிரி செய்து மேம்படுத்தும் நிலைக்கு ரூ.5 லட்சம் வரையும் கிடைக்க வழி உண்டு. கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கு இது மிகவும் பொருந்தும். மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இன்குபேஷன் (புதுத் தொழில் யோசனையை வளர்த்தெடுக்கும்) திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட கல்லூரி வழியாக ஒரு யோசனைக்கு ரூ.15 லட்சம் வரை உதவி கேட்கலாம். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டம் முதல் மாதிரி செய்ய ரூ.10 லட்சம் வரை தருகிறது. பி.எஸ்.ஜி. ஸ்டெப், கொங்கு பொறியியல் கல்லூரியின் தொழில் ஊக்குவிப்பு மையம் போன்ற இடங்களில் இவற்றுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவார்கள். விதிகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனங்கள் வேறு ஒன்று கேட்கும்: சமூகப் பொறுப்பு நிதியை இதற்குச் செலவிடலாமா? 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி, பொது நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்கும் அரசு ஆதரவு பெற்ற இன்குபேட்டர்களுக்கும் அந்த நிதியைக் கொடுக்கலாம். ஆனால் தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியாக வரும் வேலையை அந்தக் கணக்கில் எழுதக்கூடாது. நம் இயந்திரக் கோளாறைச் சரிசெய்யக் கொடுக்கும் பணம் தொழில் செலவுதான்.

கேள்வி: சேர்ந்து கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வியை முதல் நாளே பேசிவிடுங்கள். பேசக் கூச்சமாக இருக்கும். பேசாமல் விட்டால் வேலை முடியும் நேரத்தில் மனக்கசப்பு வரும்.

சட்டம் சொல்வதில் நான்கு செய்திகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, காப்புரிமை கண்டுபிடித்தவருக்கு உரியது; நிறுவனத்தின் பெயரில் வேண்டுமென்றால் அவரிடமிருந்து எழுத்து மூலமான உரிமை மாற்றம் இருக்க வேண்டும். மாணவர் நம் ஊழியர் கிடையாது என்பதால், ஊழியருக்கான ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. இரண்டாவது, இருவர் பெயரில் காப்புரிமை இருந்து, வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், இருவரும் தனித்தனியே அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் மூன்றாமவருக்கு உரிமம் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ முடியாது. கல்லூரியும் நாமும் சமமாகப் போட்டுக்கொள்வோம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம், பின்னர் யாருக்கும் விற்க முடியாமல் இருவரும் நிற்கிறோம். ஆகவே உரிமம் கொடுக்கும் அதிகாரம் யாரிடம், வரும் தொகையில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தனியே எழுத வேண்டும்.

மூன்றாவது, விண்ணப்பிக்கும் முன் கருத்தரங்கிலோ ஆய்விதழிலோ வெளியிட்டுவிட்டால் புதுமை போய்விட்டதாகக் கருதப்படும். சட்டத்தில் உள்ள விலக்குகள் மிகக் குறுகியவை. பேராசிரியருக்குக் கட்டுரை வெளியிடுவது பிழைப்பு. அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. செய்யக்கூடியது, கட்டுரை அனுப்புவதற்கு முன் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது. அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தால் போதும். நான்காவது, கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் காப்புரிமைக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை உண்டு. சிறு நிறுவனங்களுக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் அதேபோல் குறைந்த கட்டணம்தான். ஆகவே செலவைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டியதில்லை. காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நிலைக்கும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கும் முன்னேற்றங்களில் பெரும்பாலானவை காப்புரிமை அளவுக்குப் போகாதவை என்பதையும் சொல்ல வேண்டும். மணல் கலவை விகிதம், சாய ரெசிபி, ஃபிக்சர் வடிவம் போன்றவற்றுக்கு இரகசியக் காப்பு உடன்படிக்கை ஒன்றே போதும்.

கேள்வி: எங்கள் இரகசியங்கள் மாணவர் வழியாகப் போட்டியாளருக்குப் போகாதா?

போகக்கூடிய வாய்ப்பு உண்டு, அதனால் எதைக் காட்டுகிறோம் என்பதைத் திட்டமிட வேண்டும். வாடிக்கையாளர் பெயர், விலை, வரைபட எண் ஆகியவற்றை நீக்கிவிட்டுத் தரவைக் கொடுக்கலாம். ஆனால் ரிஜெக்ட் கணக்கையும் நின்றுபோன நேரத்தையும் மறைத்தால் வேலையே கெட்டுவிடும். நல்ல கணக்கை மட்டும் காட்டி ஆய்வு செய்யச் சொன்ன முதலாளிகளை நான் அறிவேன். அவர்களுக்குக் கிடைத்த அறிக்கைகளும் பயன்படாதவையாகவே இருந்தன. வைத்தியரிடம் மறைப்பதும் இதுவும் ஒன்றுதான்.

கேள்வி: பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? பலர் சும்மா நின்றுவிட்டுப் போகிறார்கள்.

அவர்கள் சும்மா நிற்பது பெரும்பாலும் நம் குறை. பதினைந்து பேரை ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டு, ஒரு சுற்றுக் காட்டி, சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் யாருக்கும் பயன் இல்லை. இருவரை மட்டும், குறைந்தது ஆறு வாரத்துக்கு, ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் வாரம் கேள்வியே வேண்டாம். மூத்த தொழிலாளி ஒருவரோடு ஷிஃப்ட் முழுவதும் இருக்கட்டும். காலணி, கண்ணாடி, காது அடைப்பு ஆகியவற்றை நாம் கொடுக்க வேண்டும். பெண் மாணவிகள் வருவார்கள். கழிவறையும் மாலைப் பேருந்தும் சரியாக இருக்கிறதா என்று அவர்கள் வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். இதைச் சிறு விஷயம் என்று விட்ட பட்டறைகள் நல்ல பொறியாளர்களை இழந்திருக்கின்றன.

படிப்பை முடித்தவர்களுக்கு 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வேறு வழி இருக்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், மொத்த எண்ணிக்கையில் 2.5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்பது கட்டாயம்; 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு அது விருப்பம். தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரி, டிப்ளமோ பழகுநருக்குக் கொடுக்கும் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. ஓராண்டு கூடவே இருந்து பார்த்த பிறகு வேலைக்கு எடுத்தால், நேர்முகத் தேர்வில் அரைமணி நேரம் பேசி எடுப்பதைவிட இருவருக்கும் நிம்மதி.

கேள்வி: நாங்கள் பழக்கிவிட்ட பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். பிறகு எதற்கு இந்தப் பாடு?

சிலர் போவார்கள். போனவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வீட்டில் கல்விக்கடன் இருக்கும். என் யோசனை, கல்லூரியின் முதல் மூன்று தரவரிசை மாணவர்களையே துரத்திக்கொண்டிருக்காமல், ஈரோடு, கரூர், தாராபுரம், கோபி பக்கத்திலிருந்து வரும், ஊரோடு இருக்க விரும்பும் பிள்ளைகளைத் தேடுவது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களை நம்மில் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் பட்டறையில் இன்று கோர் ஷாப்பை, அதாவது வார்ப்பின் உட்குழிவுக்கான மணல் கருவைச் செய்யும் பகுதியை, நடத்துபவர் டிப்ளமோ படித்தவர், அரைநாள் கல்லூரி, அரைநாள் பட்டறை என்று தொடங்கியவர். பகுதிநேர பி.இ. படிக்க விரும்பும் ஊழியருக்குக் கட்டணத்தில் பங்கு கொடுத்து, மாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக விட்டால், அவர் பட்டறையையும் கல்லூரியையும் இணைக்கும் பாலமாகிவிடுகிறார். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பையும் தொழிற்பயிற்சியையும் அடுக்கடுக்காக வைத்த சாண்ட்விச் பொறியியல் படிப்பு நெடுங்காலமாக நடந்ததை நம் ஊரில் பலரும் அறிவர். அதில் படித்தவர்கள் பட்டறைக்குள் வரும்போதே இயந்திரத்தின் பேச்சு புரிந்தவர்களாக இருந்தார்கள்.

கேள்வி: பாடத்திட்டத்தில் எங்கள் சொல் எடுபடுமா?

தன்னாட்சிக் கல்லூரிகளில் எடுபடும். ஒவ்வொரு துறையின் பாடத்திட்டக் குழுவிலும் தொழில் துறைப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அழைப்பு வந்தால் அவசியம் போங்கள். போகும்போது கழிக்க வேண்டிய பாடத்தையும் சொல்லுங்கள், சேர்க்கச் சொல்வது மட்டும் போதாது. மாநில அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் படிப்புகளும் கல்லூரிக்குள் வந்திருக்கின்றன.

கேள்வி: பட்டம் பெறாத, ஆனால் முப்பதாண்டு அனுபவம் உள்ள எங்கள் ஃபோர்மேன் கல்லூரியில் பாடம் எடுக்க முடியுமா?

முடிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் ஏற்பாட்டில், தன் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் பெற்று உயர்நிலையில் உள்ள வல்லுநரை, முறையான கல்வித் தகுதியைக் கட்டாயமாகக் கேட்காமல் அமர்த்த வழி உண்டு. அப்படிப்பட்டவர்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. ஃபோர்மேன் நிலையில் உள்ளவருக்கு அந்தப் பதவி எளிதில் கிடைக்காது. ஆனால் ஆய்வகத்தில் செய்முறை விளக்கத்துக்கு அவரை அழைக்க எந்த விதியும் தடையில்லை. அவரை அழைக்கும் கல்லூரி, அவருக்கு மேடையில் மற்றவர்களுக்குச் சமமான நாற்காலியும் உரிய மதிப்பூதியமும் தர வேண்டும்.

கேள்வி: ஒரு தனி நிறுவனத்தால் தீர்க்க முடியாத பெரிய பிரச்சினை என்றால்?

சேர்ந்துதான் போக வேண்டும். திருப்பூர் சாயப்பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணைநீர் பயிருக்கு ஆகாமல் போய், 2011 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய ஆலைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறியபோது, சவ்வு வழி வடிகட்டிய பிறகு மிஞ்சும் உப்புக் கரைசலை என்ன செய்வது என்பது பெரும் சிக்கலாக நின்றது. அதைச் சுத்தம் செய்து மீண்டும் சாயமிடவே பயன்படுத்தும் முறை கைகூடிய பிறகு, ஆவியாக்கும் செலவில் பெரும்பகுதி மிச்சமானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல், ஒரு தனிப் பட்டறை இதைச் செய்து பார்த்திருக்கவே முடியாது. இந்த ஆராய்ச்சி மூடும் ஆணைக்குப் பத்தாண்டு முன்பே கூட்டாகத் தொடங்கியிருந்தால் ஆறும் விவசாயியும் இவ்வளவு இழந்திருக்க மாட்டார்கள் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. இன்று நிலையங்களில் குவிந்து கிடக்கும் கலப்பு உப்பும், ஃபவுண்டரிகள் கொட்டும் பயன்படுத்திய மணலும் அதேபோலக் கூட்டு ஆய்வுக்குக் காத்திருக்கின்றன.

கேள்வி: எங்களுடையது வேளாண்மை சார்ந்த தொழில். எங்களுக்கு என்ன இருக்கிறது?

மற்றவர்களைவிட அதிகம் இருக்கிறது. 1971-இல் பல்கலைக்கழகமான கோவை வேளாண் கல்லூரி, தான் உருவாக்கிய பயிர் ஊக்கிகள், கருவிகள், பதப்படுத்தும் முறைகள் ஆகியவற்றைத் தனியாருக்கு உரிமம் வழங்குகிறது; தென்னை டானிக்கும் பயறு ஒண்டரும் நம் விவசாயிகள் நன்கு அறிந்தவை. நீங்களே ஆராய்ச்சி செய்யாமல், முடிந்த ஆராய்ச்சியை உரிமம் பெற்று உற்பத்தி செய்வதும் கூட்டு முயற்சிதான். 1912-இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் 1918-இல் வெளியிட்ட கோ 205 கலப்பின இரகம் வட இந்தியக் கரும்பு வயல்களின் போக்கையே மாற்றியது. கோவையின் பெயரைத் தாங்கிய "கோ" இரகங்கள் அப்படித்தான் நாடெங்கும் போயின. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி விலை கூட்ட வேண்டுமென்றால் மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் அளவைச் சோதித்து எழுதித் தரும் ஆய்வகம் வேண்டும், மண்டிக்கு அருகிலேயே வேண்டும்.

கேள்வி: ஓராண்டு செய்தும் எந்தப் பயனும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடலாமா?

முதலில் எது பயன் தரவில்லை என்று பாருங்கள். பிரச்சினை பெரிதாக இருந்ததா, தரவு வரவில்லையா, பொறுப்பாளர் மாறினாரா என்று மாணவர்களையும் நம் சூப்பர்வைசரையும் தனித்தனியே கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பேராசிரியர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைத் தேடலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்த ஆண்டில் மாணவர்கள் எழுதிய அளவுக் குறிப்பேடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் பட்டறையில் பயனற்றது என்று ஒதுக்கிய ஒரு குறிப்பேட்டில் உலை வெப்பநிலை நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து இண்டக்ஷன் உலையின் லைனிங் (உட்பூச்சு) ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று வேறு இரு மாணவர்கள் பார்க்க வந்தபோது, அவர்கள் முதலில் கேட்டது அதைத்தான். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தோம்; இப்போது அது அலுவலக மேசைமேல் இருக்கிறது.